போதும்டா ராசா, படு

எனக்குப் பேயைப் பிடிக்காது, பேய்க்கும் என்னைப் பிடிக்காது என்று சொல்லிச் சிரிப்பவள் நான். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் குழந்தை வீறிட்டு அழுதால் மிளகாய் சுற்றிப் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். போவேன், சுற்றுவேன், ஆனால் வயிற்று வலிக்கு மருந்து கொடுங்கடி என்றுதான் உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். ஆனால் இது இருட்டில் நடக்கவில்லை, நல்ல வெளிச்சத்தில், துணி காயப்போடும் சந்தில் நடந்தது, அதனால்தான் எனக்கே பதில் சொல்ல வரவில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் ஒரு பொம்பளை ஏதோ உளறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

நானும் என் வீட்டுக்காரர் சேகரும் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். அண்டா, குண்டான், நாற்காலி, மேசை, எல்லாம் போய் வருவது எங்கள் பழைய பிக்கப் வண்டியில். வீட்டுக்காரருக்கு அது மூத்த பிள்ளை மாதிரி. ஒவ்வொரு நடையும் முடிந்து வந்ததும் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, இறங்கி முன்பக்கம் வந்து, பானட்டை இரண்டு தட்டு தட்டி, "போதும்டா ராசா, படு" என்பார். அப்புறம்தான் வாசலில் நின்று "வந்துட்டேன் மல்லிகா, தண்ணி குடு" என்று எனக்குக் குரல் வரும். வண்டிக்கு அடுத்துதான் நான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும் என்று நானும் தண்ணீர் கொண்டுபோவேன்.

ஒரு கல்யாண முகூர்த்தத்துக்கு நாற்காலி ஏற்றிக்கொண்டு போனபோது நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் எப்போது ஒழுகிப் போனதோ, சூட்டு முள் மேலே ஏறியதை இவர் பார்க்கவில்லை, கல்யாண வீட்டுக்காரர் போனில் கத்திக்கொண்டே இருந்தால் மனுஷன் எதைப் பார்ப்பார். கட்டி இழுத்து அந்துவானின் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்துவான் எங்கள் மெக்கானிக், இவருக்குத் தம்பி முறை போலப் பழகுகிறவன், அவன் தாத்தா காலத்து பிரெஞ்சுப் பேர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. நீளக் கம்பியை மாட்டித் திருப்பிப் பார்த்தான், அசையவில்லை.

"பிடிச்சுக்கிச்சுண்ணே," என்றான்.

எங்கள் பக்கம் என்ஜின் இறுகி நின்றாலும் பிடித்துக்கொண்டது என்போம், பேய் வந்தாலும் பிடித்துக்கொண்டது என்போம், மனசுக்கு ஒருவரைப் பிடித்தாலும் அதே சொல்தான். அன்று நான் அதை யோசிக்கவில்லை. இப்போது யோசிக்காத நாளில்லை.

பிரித்துப் பார்த்துச் சரிசெய்தாலும் நிலைக்காது, வேறு என்ஜின் போடுவதுதான் புத்தி என்று அந்துவான் சொன்னான். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள், மூன்றாவதாக என்ஜினை மாற்றிப்பார் என்று சேர்த்துக்கொள்ளலாம். விழுப்புரம் பக்கம் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற இடத்திலிருந்து அதைவிடக் கொஞ்சம் பெரிய என்ஜின் வந்தது, அது உட்காரவில்லை, தாங்குகிற கால்களை வெட்டி வேறு வெல்டிங் வைத்தார்கள், அப்புறம் ஆர்.சி.யில் நம்பர் மாற்ற இவர் அலைந்தது தனிக் கதை. ஒருவழியாக முடிந்து, பூசணிக்காய் உடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, புது என்ஜினுக்குப் பொட்டு வைத்து, ஊர்வலம் போகாததுதான் பாக்கி. பழையதை எடைக்குக் கேட்டு ஆள் வந்தார். இத்தனை வருஷம் சோறு போட்டதை எடைக்குப் போடுவதா என்று இவர் கொடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பிக்கப்பிலேயே அதை ஏற்றிக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் இரண்டு பழைய டயர் மேல் இறக்கி வைத்தார்கள். யாரும் அதற்கு ஒரு சூடம்கூடக் காட்டவில்லை. இன்னொன்றையும் அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஓடும்போதே இறுகிப்போனதால் அதை யாரும் சாவி திருப்பி அணைக்கவே இல்லை, இவரும் அன்று ரோட்டில் தட்டி "போதும்டா ராசா, படு" என்று சொல்லவே இல்லை.

அந்தச் சந்தில் வெயில் விழாது. இரண்டு பக்கமும் மாடிச்சுவர், துணிகூடக் காற்றில்தான் காய வேண்டும். ஒருநாள் மத்தியானம் அங்கே உட்கார்ந்து அண்டா தேய்த்துவிட்டு, ஊன்றி எழுந்திருக்க அந்த என்ஜின் மேல் கையை வைத்தேன். வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன குண்டான் மாதிரி சூடு. யாரோ வெந்நீர் ஊற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன், ஆனால் துளி ஈரம் இல்லை. அன்று இவர் முதலியார்பேட்டைக்கு நாற்காலி இறக்கப் போயிருந்தார். சாயங்காலம் வந்து, பானட்டைத் தட்டி, தண்ணீர் கேட்டுக் குடித்தார், நான் சந்துக்குப் போய்த் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

அப்புறம் என்ன, நமக்குக் கை சும்மா இருக்குமா. இவர் வண்டி எடுத்துப் போனால் தொடுவேன், சுடும். வந்து நிறுத்தினால் தொடுவேன், குளிர்ந்திருக்கும். டீசல் கிடையாது, பேட்டரி கிடையாது, உள்ளே இரும்பு இரும்போடு ஒட்டிக்கிடக்கிறது, சூடு எங்கிருந்து வரும். இவரிடம் சொல்லவில்லை, சொன்னால் வண்டி ஓட்டும்போது அதையே நினைப்பார். அந்துவானிடம் சொன்னேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அது என்ஜின் சூடு இல்ல, அண்ணன் வெளிய போனா உங்களுக்கு ஏறுற சூடு," என்றான். வாடா வந்து தொட்டுப் பார் என்றேன். அந்த வாரமே புது என்ஜினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அவனே வண்டியை வாங்கி ஓட்டிப் பார்க்கப் போனான். இவர் திண்டிவனத்தில் ஒரு சாவுக்கு பஸ்ஸில் போயிருந்தார். கடற்கரை ரோட்டிலிருந்து அந்துவான் எனக்குப் போன் போட்டான், வண்டியில்தான் போய்க்கொண்டிருக்கிறேன், இப்போது தொடுங்கள் என்றான். தொட்டேன். பச்சைத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அதை அவனிடம் சொன்னதுதான் தப்பு, பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பு. எனக்கும் வெட்கமாகிவிட்டது. சரி, நமக்குத்தான் மண்டையில் கோளாறு என்று விட்டேன்.

விட்டேன் என்றா சொன்னேன்? விடவில்லை. உங்களிடம் மறைப்பானேன், அது எனக்குப் பழகிவிட்டது. இவருக்கு சர்க்கரை உண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட மாட்டார். முன்பெல்லாம் போன் போட்டு சாப்பிட்டீர்களா, எங்கே இருக்கிறீர்கள் என்று நச்சரிப்பேன், ஓட்டும்போது பேசாதே என்று திட்டுவார். இப்போது போனே போடுவதில்லை. சந்துக்குப் போய் உள்ளங்கையை வைப்பேன், சுடும், ஆள் ரோட்டில் நன்றாக இருக்கிறார் என்று துணி மடிக்கப் போவேன்.

அப்படி ஒரு நாள் தவளக்குப்பத்தில் ஒரு வளைகாப்புக்குச் சாமான் கேட்டிருந்தார்கள். முன்னாலேயே கொடுக்க வேண்டியது, மழையால் தாமதமாகிவிட்டது. இவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தவர், போன் வந்ததும் சோற்றைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது, நான் துணியை எடுக்கச் சந்துக்குப் போனேன், பழக்கத்தில் கை வைத்தேன். சுட்டது. நிம்மதியாக ஒரு புடவையை மடித்தேன். அப்போது சத்தம் கேட்டது. டிக், டிக் என்று. வண்டி நீண்ட தூரம் ஓடி வந்து நின்றதும் இரும்பு ஆறும்போது சொடக்குப் போடுமே, அந்தச் சத்தம். திரும்பக் கை வைத்தேன். என் கைக்கு அடியிலேயே சூடு இறங்கியது. வெந்நீர்த் தவலையை யாரோ அடியில் ஓட்டை போட்டு வடித்தமாதிரி, நான் பார்க்கப் பார்க்க, ஐஸ் பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

போய்ச் சேர்ந்து நிறுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் வழக்கமாக அது மெதுவாகத்தான் ஆறும், இப்படி ஒரு நாளும் இல்லை. போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அந்துவானின் பட்டறைக்கு ஓடினேன், செருப்புப் போடவில்லை என்பதே அப்புறம்தான் தெரியும்.

"தம்பி, வண்டிய எடு. அவருக்கு என்னவோ ஆயிடுச்சு."

"யாரு சொன்னது? போன் வந்துச்சா?"

"வந்துச்சு," என்றேன். பொய். உண்மையைச் சொன்னால் உட்காருங்கள் அக்கா, டீ சாப்பிடுங்கள் என்பான்.

அவன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டியதும் எங்கள் வண்டி ஓரமாக நின்றது, பழைய என்ஜின் இறுகி நின்றதே, அதே இடம். இண்டிகேட்டர் மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது. போகிற வருகிறவர்கள் யாரோ டிரைவர் கண் அயர்கிறார் என்று நினைத்துப் போயிருப்பார்கள். உள்ளே ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தார், சட்டையெல்லாம் வேர்வை, கூப்பிட்டால் பதில் இல்லை. அந்துவான் டீக்கடையிலிருந்து சர்க்கரை வாங்கி வந்து கன்னத்துக்குள் தேய்த்தான், ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கையில் இருந்திருக்காது என்றார் டாக்டர். ஆளைப் பிழைக்க வைத்துக் கொடுத்தார்கள், அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

நான் சொல்ல வருவது அது இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புது என்ஜின், அணைக்கவே இல்லை, பானட்டைத் தொட்டால் சுடுகிறது. வண்டி சூடாகத்தான் இருந்தது. சந்தில் இருந்தது மட்டும் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் அந்துவான் வண்டியை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். யார் அக்கா போன் பண்ணினது என்று கேட்டான், அவர்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்றான். நான் சந்தைக் கையால் காட்டினேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. போய்த் தொட்டான். வண்டியை அப்போதுதான் ஓட்டி வந்திருக்கிறான், ஆனால் இது குளிர்ந்து கிடந்தது.

"அப்போ இது வண்டிய பாக்கலக்கா, ஆளப் பாக்குது," என்றான். "அண்ணன விட்டு அதுக்கு ஒரு தட்டு தட்டி, படுன்னு சொல்லச் சொல்லுங்க. பாவம், இன்னும் அத யாரும் அணைக்கல இல்ல." அதற்குப் பிறகு அவன் அந்தச் சந்து வழியாக வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறான்.

இவர் வீட்டுக்கு வந்து, நடக்கத் தொடங்கி, எல்லாவற்றையும் என் வாயால் கேட்டார். மெதுவாகச் சந்துக்குப் போனார், பழையபடி இரண்டு தட்டு தட்டினார், "போதும்டா" என்று வாயைத் திறந்தார். நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்திவிட்டேன். அது படுத்துவிட்டால் எனக்கு யார் சொல்வது? பாவம்தான், உழைத்துச் சலித்த ஜீவனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறேன், தெரிகிறது. ஆனால் எனக்கு அவர் வேண்டுமே.

இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. இவர் இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார், போனால் சுடுகிறது, வந்தால் ஆறுகிறது. அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

கொஞ்ச நாளாக இவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுக்கிறார். வண்டி வாசலில் நிற்கும், சாவி என் இடுப்பில் இருக்கும். அண்டா தேய்க்கச் சந்துக்குப் போனால் என்ஜின் சுடுகிறது. முதல் தடவை உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். குறட்டை விட்டுத் தூங்குகிறார், மூச்சு சீராக இருக்கிறது, ஆனால் வலது கால் மட்டும் அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. எழுப்பப் போன கையை இழுத்துக்கொண்டேன். ஓடுகிற வண்டியில் ஓட்டுகிறவரைத் தட்டலாமா?

அதனால் திரும்பவும் சந்தில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், தினமும். டிக், டிக் என்று மெதுவாக ஆறத் தொடங்கும். உடனே உள்ளே போவேன். அவர் கண்ணைத் திறந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொல்வார்:

"வந்துட்டேன் மல்லிகா, தண்ணி குடு."

எங்கிருந்து என்று இன்னும் நான் கேட்கவில்லை.