நான் கொடுத்த டியூப் பட்டி

பூரணியைப் பற்றி எழுதினால் என் மானமும் கொஞ்சம் கப்பலேறும். ஏறட்டும். இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து எடுப்பவள் அவள். கொழுந்து எடுக்கும் பெண்களை மேற்பார்க்கும் கங்காணி நான். மழை பிடித்தால் அட்டைத் தொல்லை தாங்காது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, காலுறை நழுவாமல் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டச் சொல்லி ஆளுக்கு இரண்டு பட்டி கொடுத்தவன் நான்தான். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

போன வருடம் பூரணியின் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள் பட்டியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"கால் ரத்தம் மேல ஏறணுமாம் அண்ணே. ஒரே எடத்துல நின்னா அங்கேயே தேங்குதாம். எங்கம்மாவுக்கும் இருந்துச்சு, நானும் நாலு புள்ள பெத்தவ, அதுவும் காரணமாம். இதுல ஒங்க பட்டி வேற வழிய அடைக்குது."

அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன அழுத்தக் காலுறைதான். அட்டை ஏறாமலிருக்க அதன் மேல் சவர்க்காரம், அதுதான் சோப்பு, தேய்த்துக்கொள்வாள். கொழுந்து நிறுக்கும் வரிசையில் சும்மா நிற்காமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள். மதியம் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்துப் படுத்து, கால்களைக் கூடைமேல் வைப்பாள். "இது நிறுவையா, டான்ஸ் கிளாஸா?" என்று நான் கேலி பண்ணினேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள், அவளோடு கொழுந்து எடுக்கும் ராக்காயி. அவள் காலில் நரம்பு இன்னும் மோசம்.

இந்த ஆடியில் ராக்காயி அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தாள். நரம்பு உடைந்து ரத்தம் பீறிட்டது. அவளைக் கல்லில் உட்காரவைத்து, தொங்கிய காலில் பட்டியை இன்னும் இறுக்கினேன். ரத்தம் கூடியது.

"விடுங்கண்ணே! ஆளையே கொன்னுருவீங்க!"

என்னைத் தள்ளிவிட்டு பூரணி பட்டியை அவிழ்த்தாள். ராக்காயியை மல்லாக்கப் படுக்கவைத்து, அவள் காலைத் தன் தோளில் ஏற்றி, தலைத்துணியை மடித்துக் காயத்தில் அழுத்தினாள். நின்றுவிட்டதா என்று பார்க்கத் துணியை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். லொறியில் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கால் அவள் தோளிலிருந்து இறங்கவே இல்லை. அப்படி ஒரு பிடிவாதத்தை நான் பார்த்ததில்லை.

தையல் போட்ட டாக்டர், "உயிருக்குப் பயமில்லை" என்றார். நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். ரத்தம் காய்ந்த கையோடு பூரணி என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்களும் நாள் பூரா நிக்கிறவருதானே? காலக் காட்டுங்க."

கால்சட்டையை உயர்த்தினேன். காலையில் கட்டிய பட்டி முழங்காலுக்குக் கீழே இறுகியிருந்தது. அதன் அடியில் நீல நரம்பு.

அவள் திட்டவில்லை. குனிந்து அவளே அவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் நிறுவையில் முதலில் குதிகாலைத் தூக்கியவன் நான்.