புகையே இல்லாத அறை

அண்ணன் கட்டிய வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் பார்த்தது ஜன்னல் கண்ணாடியைத்தான். இளம்பச்சை நிறத்தில் பூப்பூவாகப் புடைத்த கண்ணாடி. பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்தபோது மதுரைக்குப் போய் அவனே வாங்கி, வைக்கோல் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஓட்டு வீடுகள்தான் அதிகம். தளம் போட்ட வீடும், காற்று கசியாமல் கச்சிதமாக மூடுகிற ஜன்னலும் எங்களுக்குத்தான் வாய்த்திருந்தன. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்த ஜன்னலை மூடிக் காட்டுவாள். திறந்து காட்டியதாக எனக்கு நினைவில்லை.

இப்போது நான் செய்கிற வேலைதான் இதையெல்லாம் கிளறிவிட்டது. வீட்டுக்குள் மக்கள் சுவாசிக்கிற காற்று எப்படி இருக்கிறது என்று இணையம் வழியாகக் கேட்டறிய ஒரு குழு கேள்விகள் தயாரிக்கிறது. அதில் நானும் ஒருத்தி. கேள்வி எழுதுவது பெரிய காரியமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கூரை எதனால் ஆனது, ஜன்னல் இருக்கிறதா, அடுப்பு எங்கே இருக்கிறது, புகை வருமா என்று குழுவில் எல்லோரும் மளமளவென்று எழுதிவிட்டார்கள். தப்பான கேள்விகள் இல்லைதான். ஆனால் இத்தனை கேள்விக்கும் நல்ல பதில் சொல்லக்கூடிய ஓர் அறைக்குள்தான் என் மதினியும் அவள் கைக்குழந்தையும் செத்துப்போகப் பார்த்தார்கள்.

மதினிக்குப் பிறந்த ஊர் கூமாப்பட்டி. மலையடிவாரத்துக் காற்றில் வளர்ந்தவள். வாயாடி இல்லை, ஆனால் ஒருமுறை சொன்னதை யார் உருட்டி மிரட்டினாலும் மாற்றிச் சொல்லமாட்டாள். மூத்த பெண்ணைத் தாய்வீட்டில் பெற்றுக்கொண்டாள். இரண்டாவது பேறு எங்கள் வீட்டோடுதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். புது வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து தவழவேண்டும் என்ற ஆசை அவளுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் சுகப்பிரசவமாகி, ஆண்குழந்தையோடு ராஜபாளையத்துக்கு வந்தார்கள். அண்ணன் அப்போது காஷ்மீரில் இருந்தான்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. பிள்ளைத் துணி காயவில்லை, தரையெல்லாம் குளிர். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் கட்டிலுக்கடியில் கங்குச் சட்டி வைப்பது வழக்கம். மண்சட்டியில் கங்கை அள்ளிப் போட்டு வைத்தால் உடம்புக்கும் கதகதப்பாக இருக்கும், துணியும் காயும். பழைய வீட்டில் விறகுக் கங்கைத்தான் போடுவார்கள், லேசாகப் புகையும். அந்தப் புகை ஓட்டுச் சந்து வழியாகத் தானே போய்விடும். புது வீட்டில் அம்மாவுக்குச் சுவரைப் பற்றிக் கவலை. டிஸ்டெம்பர் அடித்த சுவர் கறுத்துப்போனால் மகன் என்ன சொல்வான்? அதனால் இஸ்திரி போடுகிறவரிடம் சொல்லி வைத்து அடுப்புக்கரி வாங்கினாள். நன்றாகக் கனிந்த கரியில் துளிப் புகை கிடையாது. அம்மாவுக்கு அதில் பெருமை வேறு. ஜன்னலை மூடி, கதவுக்கடியில் பழைய சேலையைச் செருகி, ஈ எறும்பு நுழையாதபடி அந்த அறையைக் காத்தாள்.

மதினிக்குத் தலை கனக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

"அத்தை, தல கனக்கு. செத்த நேரம் அந்தச் சன்னல தொறந்து வைங்க" என்றாள்.

"பச்ச ஒடம்புல காத்து ஏறிருக்கு, அதான் தல கனக்கு. இதுல சன்னலத் தொறக்கணுமாக்கும்" என்று அம்மா ஜன்னல் விளிம்பில் இன்னொரு துணியைத் திணித்தாள்.

இந்தக் கணக்கை நான் பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தலை வலித்தால் காற்றுப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். காற்றுப் பட்டிருந்தால் அறையை இன்னும் இறுக்கி மூடவேண்டும். மூட மூடத் தலைவலி கூடும், கூடக் கூட இன்னும் மூடவேண்டும். ஆகாதவர்கள் யோசித்துச் செய்திருந்தாலும் இவ்வளவு பக்காவாக அமைந்திருக்காது. செய்தது என் அம்மா, மருமகள் மேல் இருந்த அக்கறையால். மதினி மறுபடி கேட்டபோது அம்மா, "மூத்தவளப் பெத்தப்ப ஒங்கம்மையும் கங்கு வச்சாதான? அப்ப கனக்காத தல இப்ப என்னட்டி கனக்கு?" என்றாள். கூமாப்பட்டி வீடு ஓட்டு வீடு என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், தளம் போட்ட வீட்டை எல்லாம் 'நல்ல வீடு' என்று குறிக்கச் சொல்லித்தான் எங்களைத் தெருவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் மழை வலுத்ததால் கணக்கெடுக்கப் போகவில்லை, மதியமே திரும்பிவிட்டேன். அடுப்படியில் அம்மா எனக்குச் சோறு போட்டாள். பையன் பாலுக்குக்கூட அழாமல் தூங்குகிறான் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாள். "அம்புட்டுச் சமத்து. காலைல இருந்து கண்ணு முழிக்கல." சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே கண்ணாடி நொறுங்கியது.

கதவு தாழிடாமல்தான் இருந்தது. ஆனால் அடியில் செருகிய சேலை ஈரத்தில் ஊறி இறுகிப்போய், தள்ளத் தள்ள நகரவில்லை. உள்ளிருந்து மதினியின் குரல் வரவில்லை, குழந்தையின் குரலும் வரவில்லை. அம்மாவும் நானும் தோளைக் கொடுத்து மோதினோம். கதவு விட்டுக்கொடுத்தது. காத்துக்கருப்பு அண்டாமலிருக்கத் தலையணைக்கடியில் வைத்திருந்த பாக்குவெட்டி தரையில் கிடந்தது. மதினி ஜன்னலடியில் முட்டிபோட்டு, உடைந்த ஓட்டையில் வாயை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையெல்லாம் ரத்தம். இன்னொரு கையால் குழந்தையை அந்த ஓட்டைக்கு நேராக ஏந்திப் பிடித்திருந்தாள். அதன் முகத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அது அசையவில்லை.

அம்மா பாய்ந்துபோய்க் குழந்தையைப் பிடுங்கப் பார்த்தாள். மழையிலிருந்து காப்பாற்றத்தான். மதினி விடவில்லை. "புடுங்காதீய அத்தை, இவனுக்குக் காத்து வேணும்" என்றாள். நாக்கு குழறியது. அப்படியே சரிந்து வாந்தியெடுத்தாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்கள் நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நிற்பவர். பிள்ளை பெற்றவள், கண்ணாடி, ரத்தம், குழறுகிற பேச்சு, இத்தனையையும் ஒருசேரப் பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் சொல்லக்கூடியதைத்தான் அவரும் சொன்னார். "ஜன்னி கண்டுருச்சு. பிள்ளைய அவகிட்ட குடுக்காதீய." மந்திரித்துக் கயிறு கட்டுகிற ஒருவரைக் கூப்பிட ஆள் அனுப்பலாம் என்றார். அம்மா சரியென்று தலையை ஆட்டிவிட்டாள். எனக்கு அப்போது காரணம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் இரண்டடி உள்ளே போய் நின்றதற்கே என் நெற்றிப்பொட்டு தெறித்தது. "கயிறு பொறவு கட்டலாம், கார் கொண்டாங்க" என்று கத்தினேன். பெரியவர்கள் முன்னால் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல்தடவை.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்தான். அன்று அந்த வாடகைக் காரில் அது போகப் போக நீண்டுகொண்டே இருந்தது. குழந்தை என் மடியில் துவண்டு கிடந்தது. மதினி கார்க் கண்ணாடியை இறக்குவாள், அம்மா எட்டி ஏற்றுவாள். மதினி மறுபடி இறக்குவாள். நனைந்த சேலையோடு மதினி வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு, "பிள்ள கண்ண முழிச்சிட்டானா?" என்று மட்டும் என்னைக் கேட்டபடி இருந்தாள். நான் அதன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் கார் நுழைந்தபோது குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகுதான் அழுதது. மதினியும் அழுதாள். அம்மா கண்ணாடியை ஏற்றுவதை நிறுத்தினாள்.

ஆக்சிஜன் வைத்துக் கைக்குத் தையல் போட்ட பிறகு டாக்டரம்மா அம்மாவை உட்காரவைத்துக் கேட்டார். அறைக்குள் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லீங்கம்மா. புகைகூடக் கிடையாது, வெறும் கரிக் கங்குதான்" என்றாள் அம்மா.

"புகை இருந்தா கண்ணு எரியும், இருமி எந்திரிச்சு வெளிய ஓடிருப்பாங்க. கரியில வர்ற விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மூடின ரூமுல அப்படியே தூக்கத்துல கொண்டுபோயிரும். உங்க மருமக அந்தக் கண்ணாடிய உடைக்கலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். அம்மா தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு உயிரும் பிழைத்தன. ஆனால் நாங்கள் வீடு திரும்புவதற்குள் 'ஜன்னி கண்டு புத்தி பிசகிவிட்டது' என்ற பேச்சு தெருவைச் சுற்றி வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடங்கியிருக்கும். அவள் சொல்லவில்லை. அது ஜன்னி இல்லையென்றால், பேரனையும் மருமகளையும் சாகக் கொடுக்க இருந்தது யார் கை என்று அடுத்த கேள்வி வரும். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் என்னால் அதை மன்னிக்க முடிந்ததில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மதினி உடைத்தது பூக்கண்ணாடி, அதுவும் மகன் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

அண்ணன் விடுப்பில் வந்தான், முன்னதைவிடத் தடிமனான கண்ணாடியாகப் பார்த்து மாட்டினான். மதினி நடந்ததைச் சொல்லப் போனபோது, "ஒனக்கு அப்ப ஒடம்பு சரியில்ல, விடு" என்றான். நான் டாக்டரம்மா சொன்னதை விளக்கினேன். "பெரிய டாக்டரு" என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனான். கெட்டவன் இல்லை, அம்மா சொல்லாததை அவன் நம்பமாட்டான், அவ்வளவுதான். அதன்பிறகு மதினி ஏதாவது ஒரு விஷயத்தில் அழுத்திப் பேசினால் போதும், சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நகைநட்டுக்கோ நிலபுலனுக்கோ அவள் ஏங்கவில்லை. தனக்குப் புத்தி பிசகவில்லை என்று அந்த வீட்டில் ஒருவர் வாயால் கேட்கவேண்டும், அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில் என் பேறுகாலம் அதே அறையில் நடந்தது. அப்போதும் மழைக்காலம்தான். அம்மா பழக்கதோஷத்தில் கங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் மதினி நின்றுகொண்டிருந்தாள், நகரவில்லை. அம்மா சட்டியை முற்றத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வந்து ஜன்னலைத் திறந்தாள். எனக்குக் காற்றுப் படாமலிருக்க, தானே ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். "காப்பி போட்டுக் கொண்டா" என்றாள் மதினியிடம். கடைசிவரை அவ்வளவுதான்.

சென்ற மாதம் எங்கள் கேள்விகளைச் சோதித்துப் பார்க்க ஒரு வீடு தேவைப்பட்டது. அண்ணன் வீட்டுக்கு மட்டும் அனுப்பினேன். அண்ணன் ஓய்வுபெற்ற பிறகும் பட்டாளத்துக்காரன்தான், உடனே பூர்த்திசெய்துவிட்டான். பதில் தருபவர்: குடும்பத் தலைவர். கூரை: தளம். ஜன்னல்: உண்டு. புகை: இல்லை. இந்த வீட்டுக் காற்றினால் யாருக்காவது, எப்போதாவது உடல்நலக் கேடு ஏற்பட்டதா? இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. அவன் பதில்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன்மேல் வந்ததைவிட எங்கள் கேள்விகள்மேல்தான் அதிகம்.

குழுவில் சண்டை போட்டு முதல் கேள்வியை மாற்றினேன். 'பகல்பொழுதில் இந்த வீட்டுக்குள் அதிக நேரம் இருப்பவர் யார்? தயவுசெய்து போனை அவரிடம் கொடுங்கள்' என்று எழுதி, மறுபடி அதே வீட்டுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை பதில் உடனே வரவில்லை. சாயங்காலம்தான் வந்தது. கூரை, ஜன்னல், புகை எல்லாவற்றுக்கும் முன்பு வந்த அதே பதில்கள். உடல்நலக் கேடு ஏற்பட்டதா என்ற இடத்தில் மட்டும் 'ஆம்'. கடைசியில், வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் என்று ஒரு கட்டம் விட்டிருந்தோம். சோதனையில் யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். மதினி அதில் மூன்றே வார்த்தை எழுதியிருந்தாள்.

அது ஜன்னி இல்லை.