முதல் சனிக்கிழமையும் ஒரு சிவப்பு வாளியும்

அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று என்னிடம் கேட்ட அக்காவின் மகன், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டான். "மாமா, நல்லதா மட்டும் எழுதுங்க. சர்ச் ஆளுங்க எல்லாரும் படிப்பாங்க லா."

நல்லதை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். படிப்பவர்களும் அட்டையிலுள்ள படத்தை மறுபடி பார்த்து, இது நமக்குத் தெரிந்த அம்மாதானா என்று குழம்புவார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில், அக்காவிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாராவது உண்டா? இருந்தால் அவர் வெளியூர்க்காரர். ஆகையால் மருமகன் பொறுத்துக்கொள்ளட்டும். உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகித்தான் அக்காவுக்கு அப்படியொரு குரல் வந்தது என்று அம்மா சொல்வார். நானும் அதே ரயில் சத்தத்தில்தான் வளர்ந்தேன். எனக்கு அந்தக் குரல் வரவில்லை. பேச இடம் கிடைத்தால்தானே வரும்!

அப்பா சீக்கிரமே போய்விட்டார். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அக்கா சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். இதை நான் எங்கே சொன்னாலும் அக்கா உடனே குறுக்கே விழுவார். "படிச்சான், படிச்சான். ஒழுங்கா படிச்சிருந்தா டாக்டர் ஆயிருப்பான்." நான் ஆகவில்லை. ஆனாலும் இன்று நான் சாப்பிடும் சோறு அக்கா போட்டது. அதை எழுதாமல் வேறு எதை எழுதியும் பயனில்லை.

திருமணமாகி அக்கா கிள்ளானுக்கு வந்தார். அத்தான் சாது. அக்கா பேசுவார், அத்தான் பேப்பர் படிப்பார். அந்தக் குடும்பம் நன்றாக நடந்தது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் எடுத்து நடத்தினார்கள். அத்தான் போன பிறகு, என் மனைவியும் போய் நான் தனியாளாக நின்றபோது, "மாடி ரூம் சும்மாதானே கெடக்கு, வந்து தொலை" என்று அக்கா என்னை அழைத்தார். அதைவிட அன்பான அழைப்பு எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் நானே சாட்சி.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். கேன்டீனுக்கு மீ நூடுல்ஸ் கொண்டுவரும் சீனக் கடைக்காரத் தவ்கேயோடு சண்டை. மீன் விற்பவரோடு சண்டை. பெண்கள் ஐக்கியத்தில் பாட்டுப் புத்தகத்தை யார் அடுக்குவது என்பதில் சண்டை. ஆனால் இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்து. பீடத்தண்டை காணிக்கையோடு வந்து நிற்கும்போது, உன்மேல் ஒருவனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார் அல்லவா? நாமெல்லாம் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பிரசங்கம் முடிந்ததும் காப்பி குடிக்கப் போய்விடுவோம். அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பீடம்வரை போய்த் திரும்பி வருவதற்குப் பதிலாக முந்தின நாளே முடித்துவிடலாம் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். முதல் சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கும் நாள் ஆயிற்று.

காலையில் பசியாறியதும் தொலைபேசியை எடுப்பார். தவ்கேயிடம் மலாயில் ஆரம்பிப்பார்: "மாஃப் லா தவ்கே, தாப்பி..." மன்னித்துவிடு தவ்கே, ஆனால். அந்த ஆனாலுக்குப் பிறகு, போன வாரம் வந்த மீ ஏன் கெட்டுப்போயிருந்தது என்பதற்கு முழு விளக்கமும் வரும். அக்காவின் மன்னிப்பு எல்லாமே இப்படித்தான். கேட்பது ஒரு வரி, விளக்கம் ஒரு மணி நேரம். சில பேருக்குச் சண்டையே மேல் என்று தோன்றியிருக்கும். ஆனாலும் எல்லாரும் சிரித்து ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் அக்கா ராணி மாதிரி எழுந்து போய்த் திருவிருந்து எடுப்பார். திங்கட்கிழமை கணக்குப் புதிதாக ஆரம்பமாகும்.

இதில் நிரந்தர வாடிக்கையாளர் பக்கத்து வீட்டுப் பார்வதி அம்மா. எங்கள் தாமான் குடியிருப்பில் தெரு எவ்வளவு குறுகல் என்று வந்து போனவர்களுக்குத் தெரியும். வாசல் கேட்டுக்கு முன்னால் ஒரு கார் நிற்க மட்டுமே இடம். ஞாயிறு மகன் வருவான் என்று அக்கா அந்த இடத்தில் ஒரு சிவப்பு வாளியை வைப்பார். காற்றில் பறக்காமல் இருக்க அதில் தண்ணீர் நிரப்பியிருப்பார். பார்வதி அம்மா அந்த வாளியை அலுங்காமல் தூக்கி எங்கள் சுவரோரம் வைத்துவிட்டுத் தன் வீட்டு வேனை நிறுத்துவார். அப்புறம் கேட்க வேண்டுமா? தெருக்கோடிவரை கேட்கும்.

பார்வதி அம்மா முருக பக்தை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். ஆனால் எங்கள் சபை நாட்காட்டி எங்கள் மூப்பர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மாதக் கடைசி வந்தால் தைரியமாக வேனை நிறுத்துவார். நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். "என்னம்மா, வேணும்னே செய்யறீங்களா?"

"பின்ன என்னண்ணே? சனிக்கெழம எப்படியும் மன்னிப்பு கேட்டு கேக் கொண்டுவருவாங்க. அந்த பட்டர் கேக்குக்காகவே ரெண்டு ஏச்சு வாங்கலாம்."

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு தீபாவளி முடிந்த வாரம்வரை.

பார்வதி அம்மாவின் ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அந்தத் தீபாவளிக்கு வருவதாகச் சொல்லி வரவில்லை. அது தெரியாமலா இருக்கும், பக்கத்து வீடு. அந்த வாரம் வழக்கம்போல வாளி நகர்ந்தது, வழக்கம்போல அக்கா கேட்டுக்கு வந்தார். வாய்க்கு வாய் ஏறிக்கொண்டே போனதில், அக்கா நாக்கில் நரம்பில்லாமல் ஒன்று சொல்லிவிட்டார். "பெத்த பொண்ணே ஒங்கூட இருக்க முடியாம ஓடிட்டா. நான் எப்படி பக்கத்துல இருக்கறது?"

பார்வதி அம்மா வேனை எடுத்துத் தூரமாக நிறுத்தினார். வாளியைத் தூக்கி, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா கேட்டைப் பிடித்தபடி நின்றார். மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சனிக்கிழமை அக்கா பட்டர் கேக்கோடு போனார். "நான் சொன்னது தப்புதான் பார்வதி. ஆனா நீ வாளிய எடுக்காம இருந்தா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?" கதவு சாத்தப்பட்டது. கேக் திரும்பி வந்தது. அதை நான்தான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகத்தான் இறங்கியது.

மறுநாள் திருவிருந்துக்கு எங்கள் வரிசை முழுவதும் எழுந்து போயிற்று. அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. சபையில் பேச்சு கிளம்பியது. அக்காவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்றார் ஒருவர். வேறு சபைக்குப் போகப் போகிறார் என்றார் இன்னொருவர். கடைசியில் போதகர் வீட்டுக்கே வந்தார். இளவயதுக்காரர், அக்காவைக் கண்டால் கொஞ்சம் பயம்.

"ஆன்டி, நீங்க போய்க் கேட்டுட்டீங்க. அவங்க ஏத்துக்கல. ஒங்க பங்கு முடிஞ்சிருச்சு. தாராளமா எடுக்கலாம்."

"நான் எப்படி கேட்டேன்னு ஒங்களுக்குத் தெரியாது பாஸ்டர். மேல இருக்கறவருக்குத் தெரியும்" என்று அக்கா கையை உயர்த்தினார். மேலே இருந்தது என் அறை. இருந்தாலும் என்னைச் சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன்.

"அப்ப வேற மாதிரி கேட்டுப் பாருங்களேன் ஆன்டி."

"வேற மாதிரி எனக்கு வரமாட்டேங்குதே பாஸ்டர்" என்றார் அக்கா. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. "இயேசுவப் பின்பற்றுறது என்னன்னு நீங்க பைபிள் ஸ்டடில கேட்டீங்கள்ல? ஜெபம், காணிக்கை, ஊழியம்னு ஆளாளுக்கு சொன்னாங்க. எனக்கு பக்கத்து வீட்டு கேட்டுதான் பாஸ்டர். அதத் தாண்டத் தெரியல."

போதகர் ஜெபம் செய்துவிட்டு, கேக் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அதன்பிறகு அக்கா பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். சமையலறையில் யாரோடு பேசுகிறார் என்று எட்டிப் பார்த்தால், குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நிற்பார். "பார்வதி, தப்பு எம்மேலதான். மன்னிச்சிடு." முகத்தில் பெருமை வரும். பிறகு, "ஆனாலும் அந்த வாளிய..." என்று ஆரம்பித்து, தன் நெற்றியில் தானே அடித்துக்கொள்வார். நான் சிரித்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு கிடையாது.

பயிற்சி முடிவதற்குள் அக்காவின் நெஞ்சு மக்கர் செய்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் பலவீனமாகிவிட்டது, இனி அதிகம் செய்வதற்கில்லை என்று மருமகனிடமும் என்னிடமும் டாக்டர் சொன்னார். செய்தி கேட்டுப் போதகர் திருவிருந்துப் பெட்டியோடு வந்தார். அப்பத்தை எடுத்தார். அக்கா ஆக்சிஜன் முகமூடியை ஒரு கையால் நகர்த்தி, "பார்வதி வரட்டும்" என்று சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். பார்வதி அம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வந்து என்னண்ணே செய்யறது? படுத்துக்கிட்டே விளக்கம் குடுப்பாங்க. எனக்கு இன்னொரு தடவ கேக்க தெம்பு இல்ல."

"அம்மா, நீங்க வராம வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க."

பார்வதி அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "யாரு, அக்காவா? வாயத் தொறக்க மாட்டேங்கறாங்களா?" தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டுக் கைப்பையைத் தேடி உள்ளே ஓடினார். நான்தான் குழாயை மூடினேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அக்கா முகமூடியைக் கழற்றினார். போதகர், மருமகன், நான், எல்லாரும் சுற்றி நின்றோம்.

"பார்வதி, ஒம் மகளச் சொன்னேன் பாரு. அது எந்தாயி சொல்லிக் குடுத்த வார்த்த இல்ல, என் ஆண்டவர் சொல்லிக் குடுத்த வார்த்த இல்ல. நான் சொன்னது. என்ன மன்னிச்சிடு."

எல்லாரும் காத்திருந்தோம். பார்வதி அம்மாவும் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதானாக்கா? மிச்சம்?"

"மிச்சம் இல்ல."

பார்வதி அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். "என்னக்கா இப்படி ஆயிட்டீங்க, விளக்கம் குடுக்கக்கூட முடியாம!" என்று அழுகையோடு அக்காவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மகள் போனில் பேசினாள் என்றும், வருகிற பள்ளி விடுமுறைக்கு வருகிறாள் என்றும் அந்த அழுகையிலேயே சொன்னார். நாங்கள் யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் இல்லை.

போதகர் அப்பத்தைக் கொடுத்தார். அக்கா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். ரசத்தையும் கொடுத்தார். பார்வதி அம்மா பக்கத்தில் கைகூப்பி நின்றார். போதகர் ஆசீர்வாதம் சொல்லி, எல்லாரும் ஆமென் சொல்லி முடித்தோம்.

"பார்வதி" என்றார் அக்கா.

"என்னக்கா?"

"அந்த எடம் எங்களோடதுதான்."

தாதி ஓடிவந்து எங்களை அதட்டும்வரை சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அந்த வாரமே, முதல் சனிக்கிழமை வருவதற்குள், கர்த்தர் அழைத்துக்கொண்டார்.

அடக்கத்தன்று தெரு முழுவதும் கார். நீங்களெல்லாம் எப்படி நிறுத்தியிருந்தீர்கள் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் மூப்பர் ஒருவர் பெரிய காரில் வந்து எங்கள் கேட்டுக்கு முன்னால் நுழைக்கப் பார்த்தார். அங்கே சிவப்பு வாளி இருந்தது, தளும்பத் தளும்பத் தண்ணீரோடு. பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்வதி அம்மா நின்றார். விடிந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறாராம்.

"அங்கிள், அந்தப் பக்கம் போடுங்க. இது அக்காவோட எடம்."

சவ வண்டி வந்தபோது அவரே வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தார். வண்டி எங்கள் கேட்டுக்கு நேராக வந்து நின்றது. அக்கா தன் இடத்திலிருந்தே புறப்பட்டுப் போனார்.

அக்காவை மருத்துவமனையில் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும், எங்கள் சிரிப்பைப் பொறுத்துக்கொண்ட தாதிக்கும், போதகருக்கும், மூன்று வேளையும் சமைத்துப் போட்ட பெண்கள் ஐக்கியத்துக்கும் நன்றி. அடக்கத்துக்குக் கடையை மூடிவிட்டு வந்து, இனிமேல் முதல் சனிக்கிழமை யார் தனக்குப் போன் செய்வார்கள் என்று கேட்டு என் தோளில் சாய்ந்து அழுத மீ தவ்கேக்கும் நன்றி. பார்வதி அம்மாவுக்கு நன்றி சொன்னால் ஏசுவார். மருமகன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வாளியை அவர்தான் வைக்கிறார்.

கடைசியாக ஒன்று. அக்கா யாரையாவது மனம் நோகப் பேசி, மன்னிப்புக் கேட்க விட்டுப்போயிருந்தால், அவர் சார்பில் தம்பி நான் கேட்டுக்கொள்கிறேன். தப்பு எங்கள் பக்கம்தான். மன்னித்துவிடுங்கள்.

மிச்சம் இல்லை.