பாதிப் போத்தல் மருந்து

சீனித் தண்ணீரில் சாயம் கலந்து, காய்ச்சல் மருந்து என்று போத்தலில் அடைத்து ஊர் ஊராக நான் விற்ற காலம் அது. ஒரு மத்தியானம் குருநகரில் எனக்கே காய்ச்சல் கண்டு, ஒரு வாசலில் விழுந்துவிட்டேன். முந்தின வாரம் என்னிடம் மருந்து வாங்கிய மீனவப் பெண்ணின் வீடு அது. என்னைத் தாங்கிப் பிடித்துப் பாயில் கிடத்தினாள். பக்கத்தில் அவளுடைய சின்ன மகள் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, பிள்ளைக்கு வாங்கினதிலை பாதி கிடக்கு. குடியுங்கோ," என்று போத்தலை நீட்டினாள்.

"வேண்டாம் தங்கச்சி. கொத்தமல்லி அவிச்சுத் தாங்கோ."

அவள் என்னையே பார்த்தாள். "அப்ப என்ரை பிள்ளைக்கு?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "அது வெறும் சீனித் தண்ணி. பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ," என்றேன்.

அவள் ஒரு சொல்லும் ஏசவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடியவள், வேலியடியில் நின்று பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். "அக்கா, உள்ளை ஒரு மனிசன் காய்ச்சலிலை கிடக்குது. கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ!"

பிள்ளை பிழைத்தது. நான் அந்தத் தொழிலை விட்டேன். இப்போது வயது போய்விட்டது. என்னை ஏசியவர்களை எல்லாம் மறந்துவிட்டேன். அந்த அவசரத்திலும் எனக்காக அவள் நின்ற ஒரு நிமிடத்தைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.