பட்டை போடாத வேகத்தடை

செய்தி வந்தபோது நான் கம்ப்யூட்டர் திரையில் ஒரு சாலைக்கு நடுக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த கோமதியின் கொழுந்தன் போனில் பேசினான். "அக்கா, மதினி வண்டியில இருந்து விழுந்துட்டாவ. ராயகிரியில இருந்து வார வழியில. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்று அழுதான். புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். அதற்கு வெள்ளைப் பட்டை அடிக்கவில்லை. சாலையும் கறுப்பு, தடையும் கறுப்பு. அவளுக்குத் தெரியவில்லை. இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

சங்கரன்கோவிலில் அவள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் "அவ நேரம்" என்றார்கள். மீதிப்பேர் "ஹெல்மெட் போட்டிருந்தாளா?" என்று கேட்டார்கள். போட்டிருந்தாள். வாரையும் மாட்டியிருந்தாள். நேரமாவது, விதியாவது. ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் இருந்திருந்தால் அன்று மத்தியானம் என் எதிரே உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருப்பாள். சாவு வீடு என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். இப்போது மூட வேண்டிய அவசியம் இல்லை. அவளை அறிந்தவர்கள் என் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் கோபத்தையே பொறுத்தவர்கள்தானே நீங்கள்.

அவள் என்ன வேலை செய்தாள் என்று உங்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. "எங்க மருமக ரோடு போடுதா" என்று அவள் மாமியார் பெருமையாகச் சொல்லப்போய், தெருவில் பள்ளம் கிடக்கிறது என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சண்டை பிடித்தார். நாங்கள் போடுவது படத்தில் வரும் சாலை. வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பைக் கைப்பிடியைத் திருப்ப, எதிரே திரையில் சாலை ஓடும். அந்தத் தார், ஜல்லி, விரிசல், வெள்ளைக்கோடு எல்லாம் பஜாரில் மருந்துக்கடைக்கு மேலே உள்ள எங்கள் மாடியறையில் செய்தவை. நிஜமான சாலையைப் படம் எடுத்து, ஒட்டுத் தெரியாமல் நீளமாக்கி, மேலே கோடு வரைய வேண்டும்.

வானம் மூடிவிட்டால் கோமதியை அறையில் பிடித்து வைக்க முடியாது. வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு ஜல்லிக்கும் நிழல் விழும், அந்த நிழல் படத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அழிக்க முடியாது. மேகம் போட்ட நாளில் கேமராவோடு நடுச்சாலையில் குனிந்து நிற்பாள். ஒருமுறை நானும் கூட இருந்தேன். மினிபஸ் ஓட்டி வந்தவர் பிரேக் போட்டுத் தலையை நீட்டினார். "ஏம்மா, விழுந்து சாக ஒனக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" அவள் நிமிரக்கூட இல்லை. "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. ஒங்க ரோட்டைத்தான் எடுக்கேன்." அவர் இறங்கி வந்து, தார் பெயர்ந்த இடமாகப் பார்த்துக் காட்டி, இதையும் எடு, அதையும் எடு என்று நின்றுவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள்தான் சத்தம் போட்டார்கள்.

நான் முதலில் வரைந்த கோடுகள் அடுப்பங்கரைச் சுவரில் அடித்த சுண்ணாம்பு போலப் பளிச்சென்று இருந்தன. பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, இதுல ஒரு வண்டியாவது போயிருக்கா? டயர் ஏறுத எடத்துல தேயணும். வளைவுல எல்லாரும் கோட்டை முழுங்கிட்டுத்தான் திரும்புதான், அங்கன கோடே இருக்கக் கூடாது." சாணியைக் கூட்டாமல் அதன் மேலேயே கோடு போட்டுப் போன ஒரு இடம் அவளுக்கு ரொம்பப் பிடித்தம். மழையில் சாணி கரைந்து கோட்டில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையை அப்படியே வரைந்தாள். ராயகிரிப் பக்கம் பாதிச் சாலையில் மக்காச்சோளம் காய்வதையும் விடவில்லை.

அந்தப் பயிற்சிச் சாலையில்தான் பட்டை இல்லாத ஒரு வேகத்தடையையும் வைத்தாள். கவனித்துப் பார்த்தால் தெரியும். அதற்கு முன்னால் டயர் தேய்த்த கறுப்பு, தாண்டியதும் வண்டிகள் குதித்துச் சிந்திய எண்ணெய்ச் சொட்டு. படம் கேட்ட கம்பெனிக்காரர் சென்னையிலிருந்து போனில் பேசினார். "மேடம், ரூல் படி பட்டை இருக்கணும். இதுல ஏறி எல்லாரும் விழுறாங்க. மாத்திடுங்க."

"விழணும்னுதான் சார் வச்சிருக்கேன். பட்டை போட்டத யாரும் பாத்துக்கிடுவாவ. போடாததத்தான் பழக்கணும்."

"தப்பான ரோட்டை நாங்க எப்படிக் காட்டுறது?"

"அப்ப நாங்க எந்த ரோட்டுல சார் வீட்டுக்குப் போறது?"

எங்கள் முதலாளி பயந்துபோய்ப் பட்டை அடிக்கச் சொல்லிவிட்டார். அடித்தாள். தன்னுடையதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டாள்.  அன்று கிளம்பும்போது என்னிடம், "படத்துல ரோடு நல்லா இருந்தாப் போதும்னு ஆயிட்டுது, பாத்துக்க" என்றாள்.

அவள் விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் என்றுதான் போனேன். அருகே இருந்த டீக்கடைக்காரர் சொன்னார்: "பள்ளிக்கூடத்துப் புள்ளைக நடக்குத எடம்மா. லாரிக்காரன் பறக்கான். மனு குடுத்துக் குடுத்துப் பாத்தோம். ரோடு போட வந்தவங்ககிட்ட மிச்சத் தாரைக் கேட்டு வாங்கி நாங்களே போட்டுக்கிட்டோம்." பட்டை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். "அது அவங்க வந்து அடிப்பாங்கன்னு நெனச்சோம்." பிள்ளைகளைக் காப்பாற்றப் போட்டவர்களை நான் என்னவென்று திட்டுவது? ஆனாலும் திட்டினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டவர்கள் அங்கே இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினாறாம் நாள் அந்த வழியாகப் போனபோது யாரோ சுண்ணாம்பு கரைத்து அடித்திருந்தார்கள். ஒரு மழைக்குத் தாங்காது.

கம்பெனிக்காரர் இரங்கல் தெரிவித்தார். பயிற்சிச் சாலைக்கு அவள் பெயரையே வைக்கப் போகிறார்களாம். பட்டை அடித்த சாலைக்கு. வேண்டாம் என்றேன். "ஆளே போயிட்டா, இன்னும் என்னத்துக்கு வம்பு" என்றார் முதலாளி. ஆள் போனதால்தான் வம்பு.

கோமதியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவளுடைய அந்தப் பிடிவாதத்தை. நேற்று அவர்கள் பட்டை அடிக்க வைத்ததை எடுத்துவிட்டு, அவள் செய்த வேகத்தடையை மறுபடியும் அந்தச் சாலையில் வைத்து அனுப்பினேன். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். வேலையை விட்டு நிறுத்துவதானால் நிறுத்தட்டும். பழக வருகிறவர்கள் அதில் ஏறித் தடுமாறட்டும், விழட்டும், பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கட்டும். அங்கே விழுந்தவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.