குறையே இல்லாத நாலாவது நிலையம்

தெருவில் அவருக்கு எலி டாக்டர் என்று பெயர். முறையாக மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் தலைவலி என்று வந்து நின்றால், "யாராவது நல்ல டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்த நோயாளிகள் எல்லாம் வெள்ளை எலிகள். கைக்குழந்தைகளைத் தாக்கும் ஒரு நுரையீரல் காய்ச்சலுக்குத் தடுப்பூசி செய்வது அவர் வேலை. முதலில் செய்த ஊசி எலிகளைக் காப்பாற்றியது, மனிதர்களிடம் எடுபடவில்லை. இரண்டாவதும் அப்படியே. எலிகளுக்கு ஓட்டுரிமை இருந்தால் அக்கா எப்போதோ அமைச்சராகியிருப்பாள் என்பது அவருடைய தம்பியின் கணிப்பு.

தம்பி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். "நான் ஒரு நாளைக்கு நாலு ஃப்ரிட்ஜை ஓட வைக்கிறேன். நீ இருபது வருஷமா ஒரே ஊசியை ஓட்டிக்கிட்டு இருக்க" என்பான். மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டர் ஆய்வகத்தில் இருப்பார். அதுதான் பதில்.

மூன்றாவது ஊசி ஒருவழியாகக் குழந்தைகள் வரை வந்து சேர்ந்தது. நான்கு சுகாதார நிலையங்களில், பெற்றோர் சம்மதத்தோடு மூன்று தவணை போட்டு, ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோயை எதிர்க்கும் சக்தி ரத்தத்தில் ஊறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்று நிலையங்களில் நன்றாகவே ஊறியிருந்தது. நாலாவது நிலையத்தின் நூற்று நாற்பத்து மூன்று குழந்தைகளில் பெரும்பாலோரின் ரத்தமோ, ஊசியையே பார்க்காதவர்களின் ரத்தம் போல இருந்தது.

ஆய்வக இயக்குநர் காகிதத்தைத் தள்ளி வைத்தார். "பத்து நாள்ல நிபுணர் குழு கூடுது. இதைப் பார்த்தா ஆய்வையே மூடிடுவாங்க. பேசாம அந்த ஒரு நிலையத்தை விட்டுட்டு எழுதும்மா."

"ஏன் விட்டோம்னு கேட்பாங்களே, சார்."

"நிர்வாகக் குளறுபடின்னு எழுது."

"குளறுபடியே இல்லாத ஒரே இடம் அதுதான், சார்."

உண்மை. முதல் நிலையத்தில் ஃப்ரிட்ஜ் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். இரண்டாவதில் பதிவேடு என்பது பழைய காலண்டரின் முதுகு. மூன்றாவதில் ஊழியர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. நாலாவதில் சிவப்பு மையில் கோடு போட்ட பதிவேடு. துடைத்து வைத்த ஃப்ரிட்ஜ். காலையும் மாலையும் குறித்த வெப்பநிலை, மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட விட்டுப் போகவில்லை. ஒழுங்குக்கும் நோய் எதிர்ப்புக்கும் ஜென்மப் பகை போல.

"காரணம் தெரியாம ஒரு குழந்தையைக்கூட விட மாட்டேன், சார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்தார்.

ஆறு நாள் அவர் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். ரத்தத்தை வேறு இரண்டு இடங்களில் மறுபடி சோதிக்கச் சொன்னார். குழந்தைகளின் எடையைப் பார்த்தார், வயிற்றில் பூச்சியா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்து எரிச்சலைக் கிளப்பின. நிலையத்தின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவளைப் பார்த்துக் காப்பியடித்தாயா என்று எப்படிக் கேட்பது?

ஏழாம் நாள் வேறு வழியில்லாமல் தம்பியின் வேனில் ஏறினார். தம்பியும் கருவிப்பெட்டியோடு வந்தான்.

நிலையத்தின் நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. "வாங்க டாக்டரம்மா" என்று துடைத்த நாற்காலியை இன்னொரு முறை துடைத்தார். தம்பி ஃப்ரிட்ஜை முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தான். "ஒரு பழுதும் இல்லக்கா. எல்லாரும் இப்படி வச்சிருந்தா என் பொழப்பு நாறிடும்." நடுத்தட்டில் தொங்கிய வெப்பமானி நாலு டிகிரி காட்டியது. பதிவேடும் அதையே சொன்னது.

டாக்டர் பையை மூடப் போனார். நடுத்தட்டில் வேறு மருந்துகள்தான் இருந்தன. "ஆமா, என் ஊசி எங்க?"

சிஸ்டரின் முகம் மலர்ந்தது. "அதைப் போய் மத்ததோட போடுவேனா?" குனிந்து, கையைக் கடைசி வரை விட்டு, பின்பக்கக் குளிர்த் தகட்டில் ஒட்டியபடி வரிசையாக நின்ற குப்பிகளைக் காட்டினார். "இங்கதான் நல்லா ஜில்லுன்னு இருக்கும். நம்ம டாக்டரம்மா ஊசியாச்சேன்னு நானே என் கையால அடுக்குவேன்."

தம்பி தகட்டைத் தொட்டுவிட்டு விரலை உதறினான். "அக்கா, இங்க தக்காளி வச்சா ராத்திரியோட கல்லாயிடும். காலையில பார்த்தா ஒண்ணும் தெரியாது."

அந்த ஊசிமருந்து குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ஒரு முறை உறைந்தால் அதன் சத்து திரிந்துவிடும். பிறகு உருகினாலும் திரும்பாது. டாக்டர் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு குப்பி, அந்த வரிசையிலிருந்து ஒரு குப்பி எடுத்து, இரண்டையும் குலுக்கி மேசையில் வைத்தார். கால் மணி நேரம் கழித்தும் பெட்டியிலிருந்து எடுத்தது நீர்மோர் நிறத்திலேயே இருந்தது. மற்றதில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெள்ளை வண்டல்.

"சூடு பட்டுடக் கூடாதேன்னுதான்..." சிஸ்டர் உட்கார்ந்துவிட்டார். "மூணு தடவை. அத்தனை பிள்ளைங்களையும் அழ அழக் குத்தினேன். அத்தனையும் தண்ணியா?"

டாக்டர் சுவரைப் பார்த்தார். ஊசியைப் பாதுகாக்கும் விதிமுறைகள் பளபளப்பான உறை போட்டு ஒட்டப்பட்டிருந்தன. 'குளிரில் வைக்கவும்' என்பது மூன்று இடத்தில், கொட்டை எழுத்தில். 'உறைய விடக் கூடாது' நாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில்.

"இதை யார் எழுதினதுன்னு தெரியுமா, சிஸ்டர்?"

"தெரியலைங்களே."

"நான்தான்."

"அதானே பார்த்தேன்" என்றான் தம்பி. "சின்ன வயசுலேருந்தே முக்கியமானதை இவ கடைசியாத்தான் சொல்லுவா."

குழுவின் முன் டாக்டர் இரண்டு குப்பிகளையும் குலுக்கி வைத்தார். தவறு விதிமுறையில், விதிமுறை தன்னுடையது என்றார். நாலாவது நிலையத்தை விலக்க வேண்டாம், அதே குழந்தைகளுக்கு மறுபடி போட அனுமதி வேண்டும் என்றார்.

"மறுபடி மூணு ஊசிக்கு எந்த அம்மா சம்மதிப்பாங்க?" என்றார் குழுத் தலைவர். "நடந்ததை மறைக்காம சொல்லணும். நூறு பேராவது திரும்ப வரணும். இல்லைன்னா மூடிடுவோம்."

இயக்குநர் ஆள் அனுப்பலாம் என்றார். சிஸ்டர் கேட்கவில்லை. "குத்தினது நான். நானே சொல்றேன்." டாக்டரும் கூட நடந்தார். எலிக்கூண்டைத் தவிர வேறு கதவைத் திறந்து பழக்கமில்லாத அவர், ஐந்து வாரம் படியேறி இறங்கினார். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் கேட்டுவிட்டுச் சாத்தினார்கள். ஒரு தகப்பன், "அப்ப நாங்க என்ன உங்க எலியா?" என்று கேட்டான்.

"இல்லைங்க. எலிகிட்ட நான் இதுவரைக்கும் மன்னிப்புக் கேட்டதில்லை" என்றார் டாக்டர்.

அவன் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அவன் மனைவி மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். "தப்புன்னு வீடு தேடி வந்து சொல்றவங்க, சரின்னு சொல்லும்போது பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள் சிஸ்டரிடம்.

நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஏழு மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது எதிர்ப்புச் சக்தி மற்ற மூன்று நிலையங்களுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. குழு ஆய்வை அடுத்த கட்டத்துக்கு அனுப்பியது. இயக்குநர் கைகொடுத்து, "இனி அந்தப் பக்கம் அலைய வேண்டியதில்லை, அறிக்கையை எழுதி முடிம்மா" என்றார்.

"எழுதிடறேன், சார். சனிக்கிழமை மட்டும் இருக்க மாட்டேன்."

"ஏன்?"

"இன்னும் இருபத்தஞ்சு பேர் பாக்கி."

"ஆய்வுக்கு அவங்க வேண்டாமே."

"ஆய்வுக்கு வேண்டாம், சார். அவங்களுக்கு ஊசி வேணும்" என்று சொல்லி, டாக்டர் முகவரிப் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.