டிபன் பாக்ஸும் ஒரு சிரிப்பும்

இன்னைக்கு எட்டயபுரம் பஸ்ஸுல இடமில்ல, நின்னுக்கிட்டே வந்தேன். சீட்டுல இருந்த ஒருத்தங்க கேக்காமலே என் பையை வாங்கி மடியில வச்சுக்கிட்டாவ.

பாத்தா, காலேஜ் படிக்கும்போது ஒரே பஸ்ஸுல கூட வந்த பொண்ணு. இப்போ பக்கத்துல மக.

ஊருக்கு வெளிய இருந்த நம்ம காலேஜுக்கு அந்த ஒரு டவுன் பஸ்தான். பொண்ணுககிட்ட பேசினா மறுநாளே கதை கட்டிருவானுக. ஆனா நிக்கிறவன் டிபன் பாக்ஸை உக்காந்திருக்கவங்க மடியில குடுக்கலாம், அதை யாரும் தப்பாப் பேசமாட்டாங்க.

மூணு வருஷமும் என் டிபன் பாக்ஸ் அவிய மடியிலதான். வாங்கும்போது லேசா ஒரு சிரிப்பு. அதுக்காகவே காலையில குளிச்சிருக்கேன்.

இன்னைக்குத்தான் முதமுதலாப் பேசினாவ.

"இப்பவும் கருவாடுதான் கொண்டுபோறீகளா?"

"கருவாடுன்னு எப்படித் தெரியும்? மூடி இறுக்கமாத்தானே இருக்கும்?"

"பஸ்ஸே மணக்கும். மூக்கைச் சுளிச்சா வருத்தப்படுவீகளேன்னு சிரிச்சு வைப்பேன்."

இத்தனை வருஷம் நான் பொத்தி வச்சிருந்த சிரிப்பு அம்புட்டுதான்.

இறங்கும்போது பையைத் திருப்பித் தந்தாவ. அதே சிரிப்பு.

இன்னைக்குப் பையில வெறும் துணிதான் இருந்துச்சு. அப்போ இந்தச் சிரிப்பு எதுக்கு? ஆர்குட்டுல இருக்க நம்ம காலேஜ் பஸ்ஸுல வந்தவனுக எவனாவது சொல்லுங்கலே.